மூன்றாவது கட்டம்

சோமனூரில் எங்கள் ஜெபவீடு
முன்னே தறிக்குடோனாக இருந்தது.
நாலு தறி கழற்றிய தரையில்
போல்ட் குழிகள் பதினாறு அப்படியே கிடக்கின்றன.
எங்கே பாய் விரித்தாலும் முழங்கால்
ஒரு குழியைத் தேடிப் போய்விடுகிறது.

நோட்டு எழுதுவது என் வேலை.
ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து மூன்று கட்டம்.
பேர். வியாதி.
மூன்றாவதில், கர்த்தர் செய்தது.

மாராத்தாள், கழுத்துக்கட்டி. கரைந்தது.
தறி ஓனர் மகன், வலிப்பு.
இரண்டு வருஷமாக வரவில்லை.
வராதது வலிப்பா அவனா
என்று தெரியாமல் விட்டுவைத்திருக்கிறேன்.
ரங்கநாயகி, கர்ப்பப்பை.
ஆடியில் எழுந்து சாட்சி சொன்னாள், கை தட்டினோம்.
ஐப்பசியில் அடக்கம்.
அவள் பேருக்கு நேரே நான் எழுதிய 'சுகம்'
பேனாவில் எழுதியது.
அடிக்கவும் மனசு வரவில்லை,
அந்தப் பக்கத்தைப் புரட்டவும்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்.
ஆலிவ் எண்ணெய்க்குக் காசில்லாத மாசங்களில்
செக்குத் தேங்காயெண்ணெய்.
அவர் விரலில் தொட்டு
நெற்றி நெற்றியாக வைத்துப் போவார்.
பிடித்த தலையை லேசில் விடமாட்டார்.

எல்லாரும் போனபின்
நான் தாழ் போடுவேன்.
ஸ்டூலில் இடது காலை நீட்டுவார்.
பெருவிரல் இருந்த இடம்.
சர்க்கரை. போன தையில்
கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் எடுத்தது.
சபையில் சொன்னது, கல்லுத் தட்டிருச்சு.
கழுவி, மருந்து வைத்து, பஞ்சு வைத்துக் கட்டுவேன்.
வாடை வெளியே தெரியாமலிருக்க
கட்டின்மேல் நாலு சொட்டு நீலகிரித் தைலம்.

உங்களுக்காகக் கேக்கறதில்லீங்களா?
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
மூணு தடவை கேட்டேன், என்றார்.
அப்புறம் நிறுத்திட்டேன்.
சோத்துக்கு முந்துன மாத்திரையை எடு.

போன வெள்ளி ஜெபத்தின் நடுவில்
கரண்ட் போய்விட்டது.
ஊர்த்தறி அத்தனையும் ஒரே மூச்சில் நின்றது.
அந்த இரைச்சலில் பிறந்து வளர்ந்த காதுகளுக்கு
நிசப்தம் கன்னத்தில் அறைந்ததுபோல்.
அந்நிய பாஷை பேசியவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.
செல்போன் வெளிச்சம் தரையில் ஊர்ந்தபோது
நாச்சிமுத்து பார்த்துவிட்டான்,
வேட்டிக்கரைக்குக் கீழே
ஊறிச் சிவந்த கட்டை.

சம்சாரத்தைக் கூட்டிவருகிறவன், அவ்வளவுதான்.
விபூதியோடு வந்து வாசலோடு நிற்பவன்.
பல்சக்கரம் இரண்டு விரலைத் தின்ற வலதுகை.
யாரும் கூப்பிடவில்லை.
உள்ளே வந்தான், குத்தவைத்தான்,
மிச்சமிருந்த மூன்று விரலையும்
அவர் கால்மேல் வைத்தான்.

"சாமீ, எனக்கு இதெல்லாஞ் சொல்லத் தெரியாதுங்க.
இந்த மனுசன் ஊருக்கெல்லாங் கேக்கறாருங்க.
இவருக்கும் பாத்து
ஏதாச்சும் பண்ணிக் குடுங்க."

ஆமென் அவனுக்கு வரவில்லை.
"அவ்வளவுதானுங்க" என்றான்.

இருட்டில் அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரியும்.
வேறு யாருக்குத் தெரிந்ததோ.
கரண்ட் வந்தது, மேற்கு வீதித் தறி முதலில்,
பிறகு ஒவ்வொன்றாக.

திங்கட்கிழமை சர்க்கரை இருநூற்றெண்பது.
புண் அப்படியேதான் இருக்கிறது.
நேற்று வெள்ளி. கட்டு தெரியத் தெரிய
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.
இரண்டு குடும்பம் எழுந்து போனது.
தைலம் வேண்டாம் என்றார், போடவில்லை.

நோட்டில் முதன்முறையாக அவர் பேரை எழுதினேன்.
அடுத்த வரியில் நாச்சிமுத்து என்று போட்டு,
விரலுக்கு ஜெபிக்கலாங்களா, என்று
வாசலைப் பார்த்துக் கேட்டேன்.
சிரித்தான்.
"அது போனது போச்சுங்க.
மீட்டருக்கு நாலு காசு கூலி ஏத்தோணும்,
அதுக்கு வேணாக் கேளுங்க."

வியாதி என்ற கட்டத்தில்
கூலி என்று எழுதினேன்.